ரெண்டு மெனுவிலை ஒண்டுக்கு மட்டும் நிறம் மாத்துறது எப்பிடி?

2025 ஜனவரி 18, பின்னேரம். முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

மீனவர் சங்கத்துக்கு அயோனிக் 8-இலை (வெப் கோட்டாலை போன் அப் செய்யிற சட்டகம்) ஒரு அப் செய்யிறன். இடப்பக்க மெனு படகுக்காரருக்கு, வலப்பக்க மெனு சங்கச் செயலாளருக்கு. ரெண்டும் ஒரே வெள்ளை. செயலாளர்ர மெனுவை மட்டும் நீலமாக்க வேணும். ஹோம் பக்கத்து ஸ்டைல் ஃபைலிலை அயன்-மெனுவுக்கு பேக்கிரவுண்ட் நீலம் எண்டு எழுதினன். ஒண்டும் நடக்கேல்லை. மற்ற விதியளை மீறச் சொல்லுற இம்போர்ட்டன்ட் குறி போட்டும் பார்த்தன். இன்ஸ்பெக்ட் பண்ணிப் பார்த்தால் என்ர வரியே அங்கை இல்லை. வெப் கொம்பொனென்ட் (தன்ர ஸ்டைலைத் தனக்குள்ளையே வைச்சிருக்கிற துண்டு) எண்டால் வெளியிலையிருந்து ஒண்டும் செய்யேலாதோ?

ஜனவரி 18, இரவு 9.40

போனிலை தமிழ் கீபோர்டிலை தட்டுறன். கோட் பேர்களை வாசிக்கிற சத்தத்துக்கே எழுதுறன், எடிட்டரிலை ஆங்கிலத்திலை போடுங்கோ.

வரியே அங்கை இல்லை எண்டு சொன்னியள் பாருங்கோ, அதுதான் விசயம். வரி வந்து தோத்துப் போயிருந்தால் இன்ஸ்பெக்டர் குறுக்காலை கோடு கீறிக் காட்டும். வரியே வரேல்லை எண்டால் அது வெப் கொம்பொனென்டின்ர குற்றம் இல்லை, அயோனிக்கோடை நீங்கள் பாவிக்கிற ஆங்குலர் சட்டகத்தின்ர ஏற்பாடு. ஆங்குலர் ஒவ்வொரு கொம்பொனென்டின்ர சி.எஸ்.எஸ்-இலையும் தன்ர அடையாளம் ஒண்டை ஒட்டிவிடும். ஹோம் பக்கத்திலை எழுதினது ஹோம் பக்கத்து டெம்ப்ளேட்டிலை இருக்கிறதுகளுக்கு மட்டும்தான் பிடிக்கும். உங்கட மெனு அப் கொம்பொனென்டிலை இருக்கு. வலது மெனுவுக்கு 'செயலாளர்' எண்டு ஒரு கிளாஸ் குடுத்து, வரியை அப் கொம்பொனென்டின்ர ஸ்டைல் ஃபைலுக்குக் கொண்டு போங்கோ. குளோபல் ஃபைலிலை போட்டாலும் சரி.

ஆனால் பேக்கிரவுண்ட் எண்டு நேரே எழுதாதேங்கோ. அயன்-மெனு எண்ட எலிமென்ட், பக்கத்தாலை வந்து நிக்கிற அந்தப் பலகை இல்லை. அது திறக்கேக்கை முழு ஸ்கிரீனையும் மூடி நிக்கும். பலகை அதுக்குள்ளை, ஷாடோ டொம் எண்ட, வெளி விதியள் நேரே எட்டாத தனி அறைக்குள்ளை இருக்கு. நேரே நிறம் போட்டால் முழு ஸ்கிரீனிலையும் நீலம் பரவும். முன்னாலை ரெண்டு கோடு வாற பேக்கிரவுண்ட் இருக்கெல்லோ, --பேக்கிரவுண்ட், அந்தக் கஸ்டம் ப்ராப்பர்ட்டிக்கு (நாங்கள் மதிப்பு வைக்கிற மாறி) நிறம் குடுங்கோ. கஸ்டம் ப்ராப்பர்ட்டி ஷாடோ எல்லையைத் தாண்டி இறங்கும், அதாலை மெனுவிலை குடுத்தால் உள்ளுக்கை இருக்கிற எல்லாத்துக்கும் போய்ச் சேரும்.

ஜனவரி 19, காலை 6.15

இரவு எழுதினதின்ர கடைசி வசனம் பிழை. விடிய எழும்பி என்ர கணினியிலை செய்து பார்த்துப்போட்டுத்தான் இதை எழுதுறன்.

முல்லைத்தீவுக்காரர் இரவே திருப்பி எழுதியிருக்கிறார்: வரி இப்ப வருது, கோடும் கீறேல்லை, ஆனால் மெனு இன்னும் வெள்ளை. உண்மை. நீலம் விழுந்துதான் இருக்கு, ஆனால் ஆருக்கும் தெரியாத இடத்திலை. மெனு எண்டு நாங்கள் சொல்லுறது நாலு தட்டு. அடியிலை மெனுவின்ர பலகை. அதுக்கு மேலை அயன்-கொன்டென்ட். அதுக்கு மேலை அயன்-லிஸ்ட். அதுக்கும் மேலை ஒவ்வொரு அயன்-ஐட்டம். மேலை இருக்கிற மூண்டும் தங்கட தங்கட வெள்ளையைப் பூசிக்கொண்டு நிக்குதுகள். அடித்தட்டு நீலம் எப்பிடித் தெரியும்?

கஸ்டம் ப்ராப்பர்ட்டி இறங்கி வாறது உண்மை. ஆனால் இறங்கி வாறதுக்குப் பலம் மிகக் குறைவு. அயன்-கொன்டென்ட் தன்ர ஷாடோவுக்குள்ளை, ஹோஸ்ட் எண்ட (கொம்பொனென்ட் தன்னையே குறிக்கிற) விதியிலை, --பேக்கிரவுண்டுக்குத் தானே ஒரு மதிப்பு எழுதி வைச்சிருக்கு. தானே எழுதி வைச்சிருக்கிறவருக்கு மேலையிருந்து இறங்கி வாறது தேவையில்லை. வட்டக்கச்சியிலை மாமாவுக்கு இதைச் சொல்லேக்கை அவர் உடனை பிடிச்சிட்டார்: "கீழ்வயல்காரன் தன்ர கிணத்திலை இறைச்சால், வாய்க்காலிலை என்ன தண்ணி வந்தால் அவனுக்கென்ன?"

ஆனால் அந்தக் கொன்டென்டையே பேர் சொல்லி வெளியிலையிருந்து எழுதினால் கதை வேறை. ஹோஸ்ட் விதியும் வெளி விதியும் ஒரே எலிமென்டிலை மோதினால் வெளி விதிதான் வெல்லும். அதாலை 'செயலாளர்' கிளாஸுக்குள்ளை இருக்கிற அயன்-கொன்டென்ட், அயன்-ஐட்டம் ரெண்டுக்கும் தனித்தனியா --பேக்கிரவுண்ட் குடுங்கோ. அயன்-லிஸ்டுக்கு ஷாடோ இல்லை, அதுக்குச் சாதாரண பேக்கிரவுண்ட் வரியே பிடிக்கும். ட்ரான்ஸ்பேரன்ட் எண்டு விட்டால் போதும்.

ஜனவரி 19, மத்தியானம்

இம்போர்ட்டன்டை எடுத்துவிடுங்கோ. சாதாரண விதியிலை வெளியாள் வெல்லுவார் எண்டு காலமை எழுதினன். இம்போர்ட்டன்ட் விதியிலை அது தலைகீழ்: கொம்பொனென்டை எழுதினவர் உள்ளுக்கை இம்போர்ட்டன்ட் போட்டிருந்தால், நீங்கள் வெளியிலை எத்தினை போட்டாலும் அவர்தான் வெல்லுவார். வெளியாள் குழப்பக்கூடாத ஒண்டு ரெண்டைக் காப்பாத்துறதுக்கு அவருக்கு ஒரு வழி வேணும் எண்டு சி.எஸ்.எஸ் தரத்திலை அப்பிடி வைச்சிருக்கு.

ஜனவரி 22

எங்கட கமக்காரர் அமைப்பின்ர அப்பிலை நாலு தட்டுக்கும் நாலு வரி எழுதிப் பார்த்தன். வேலை செய்யுது. ஆனால் மெனுவிலை ஒரு தலைப்புப் பட்டை சேர்த்த உடனை அது வெள்ளையா வந்து நிண்டுது. அயன்-டூல்பாருக்கும் சொந்தமா ஒரு --பேக்கிரவுண்ட். இப்பிடி ஒவ்வொண்டாத் துரத்தேலாது.

இந்தக் கொம்பொனென்டுகள் எல்லாம் தங்கட --பேக்கிரவுண்டை எங்கையிருந்து எடுக்குதுகள் எண்டு பார்த்தால், கடைசியிலை எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போகினம்: --அயன்-பேக்கிரவுண்ட்-கலர். அது அப் முழுக்கப் பொதுவானது, வழமையா ரூட்டிலை (பக்கத்தின்ர உச்சி எலிமென்டிலை) இருக்கும். ஆனால் ரூட்டிலைதான் இருக்க வேணும் எண்டு சட்டம் இல்லை. அதையே 'செயலாளர்' மெனுவிலை வைச்சால் அந்த மெனுவுக்குக் கீழை இருக்கிறதுகள் மட்டும் புது நிறத்தை எடுக்கும். இடது மெனு அசையாது. ஒரே வரி. குளத்திலை நிறத்தை மாத்தாமல் ஒரு வாய்க்காலின்ர துருசடியிலை மாத்துற மாதிரி. இரணைமடுக் குளத்திலை இடதுகரை, வலதுகரை எண்டு ரெண்டு வாய்க்கால் இருக்கிறது போலத்தான் இந்த ரெண்டு மெனுவும் எனக்குத் தெரியுது.

வவுனியாவிலையிருந்து ஒருத்தர் கேட்டிருக்கிறார், தான் ரூட்டிலை சொந்தமா ஒரு மாறி செய்து, அது அயன்-பேக்கிரவுண்ட்-கலரைப் பார்க்கிற மாதிரி எழுதினவராம். மெனுவிலை நிறத்தை மாத்தியும் அவர்ர மாறி மாறேல்லையாம். மாறாது. ரூட்டிலை எழுதினது ரூட்டிலேயே கணக்குப் பார்த்து முடிஞ்சிடும், முடிஞ்ச மதிப்புத்தான் கீழை வரும். அந்த வரியை மெனுவிலையும் திருப்பி எழுதுங்கோ.

ஜனவரி 26

22-ஆம் திகதி 'ஒரே வரி' எண்டு எழுதினதை நம்பி ஆராவது அப்பை வெளியிலை விட்டிருந்தால் உடனை திருத்துங்கோ. ஒரு வரி போதாது.

நேற்று வட்டக்கச்சிக்குப் போனனான். மாமா வரம்பிலை நிண்டு போனை நீட்டினார். "பிள்ளை, உன்ர மெனுவிலை ஒண்டும் தெரியேல்லை." வாங்கிப் பார்த்தன். மெனு வெளிர்பச்சை, நான் போட்டபடிதான். ஆனால் அதிலை எழுத்து வெள்ளை. வெளிர்பச்சைக்கு மேலை வெள்ளை, காலமை பத்து மணி வெய்யில். நடுவிலை ஐட்டங்கள் மட்டும் கறுப்புப் பட்டையா நிண்டுதுகள். மூண்டு நிறமும் மூண்டு பேர் ஆளாளுக்குப் பூசின மாதிரி.

மாமா பற்றரி மிச்சம் பிடிக்க போனை டார்க் மோட்டிலை வைச்சிருக்கிறார். எனக்கு அது தெரியாது. அயோனிக் 8-இலை புதுசாத் தொடங்கிற அப்பிலை, போனின்ர டார்க் மோட்டைப் பார்த்துத் தானா மாறுற நிறத்தொகுதி ஒண்டு சேர்ந்தே வருது. அது ரூட்டிலை பேக்கிரவுண்டை மட்டும் மாத்துறதில்லை. எழுத்து நிறத்தையும், ஐட்டத்துக்கும் டூல்பாருக்கும் தனியான பேக்கிரவுண்டையும் வைக்குது. ஐட்டம் முதல்லை --அயன்-ஐட்டம்-பேக்கிரவுண்டைத் தேடும், அது இல்லாட்டித்தான் பொதுவானதுக்கு வரும். லைட் மோட்டிலை அது இல்லை, அதாலை என்ர ஒரு வரி போதுமா இருந்தது. டார்க்கிலை அது இருக்கு.

அப்ப மெனுவிலை நாலு வைக்க வேணும்: --அயன்-பேக்கிரவுண்ட்-கலர், --அயன்-ஐட்டம்-பேக்கிரவுண்ட், --அயன்-டூல்பார்-பேக்கிரவுண்ட், --அயன்-டெக்ஸ்ட்-கலர். பேக்கிரவுண்டை மாத்துறவர் எழுத்து நிறத்தையும் தன்ர கையாலை வைக்க வேணும். ஒண்டை மாத்தி மற்றதைப் போனுக்கு விட்டால், எழுத்து ஒரு நாள் மறையும். மறைஞ்சது எங்களுக்குத் தெரியவராது, பாவிக்கிறவர் பேசாமல் மூடி வைச்சிடுவார். மாமா எண்டபடியால் சொன்னார்.

பெப்ரவரி 1

பார்ட் பற்றி மாங்குளத்திலையிருந்து ரெண்டு பேர் கேட்டிருக்கினம்.

கஸ்டம் ப்ராப்பர்ட்டி எண்டது கொம்பொனென்டை எழுதினவர் திறந்துவிட்ட மதிப்புகள். நிறம், அகலம், உயரம். அவர் திறக்காத ஒண்டு வேணுமெண்டால், உதாரணத்துக்கு மெனுப் பலகையின்ர மூலையை வளைக்க வேணும், நிழல் போட வேணும் எண்டால், பார்ட் தேவை. பார்ட் எண்டது உள்ளுக்கை இருக்கிற ஒரு துண்டை வெளியிலையிருந்து பிடிக்க, எழுதினவர் அதுக்கு வைச்ச பேர். அயன்-மெனு ரெண்டு பார்ட் தந்திருக்கு: கொன்டெய்னர், பேக்டிறொப். கொன்டெய்னர்தான் அந்தப் பலகை. பேக்டிறொப் பின்னாலை மங்கலா வாற திரை. 'அயன்-மெனு புள்ளி செயலாளர்' எண்டு எழுதி, ரெண்டு முக்காற்புள்ளி போட்டு பார்ட், அடைப்புக்குள்ளை கொன்டெய்னர். அதுக்குப் பிறகு என்ன சி.எஸ்.எஸ் வேணுமெண்டாலும் எழுதலாம்.

அயன்-ஐட்டத்திலை நேட்டிவ் எண்ட பார்ட் இருக்கு. உள்ளுக்கை இருக்கிற உண்மையான பட்டன் அல்லது லிங்க் அதுதான்.

பார்ட்டுக்குள்ளாலை மேலும் உள்ளுக்கை இறங்கேலாது. நேட்டிவுக்குள்ளை இருக்கிற டிவ் எண்டு எழுதினால் பிறவுசர் அந்த விதியையே தள்ளிவிடும். ஹோவர், ஃபோகஸ் போடலாம், பிஃபோர், ஆஃப்டர் போடலாம். அவ்வளவுதான். முந்தி இதுக்கு 'டீப்' எண்டு ஒரு குறுக்குவழி இருந்தது, எந்த ஷாடோவையும் துளைச்சுக்கொண்டு போகும். 2017 கடைசியிலை குரோம் 63-ஓடை அதை எடுத்துப்போட்டாங்கள். பழைய விடைகளிலை அதைக் கண்டால் கடந்து போங்கோ. பார்ட் குரோமிலை 2019-இலையும், ஃபயர்ஃபொக்ஸ், சஃபாரி ரெண்டிலையும் 2020-இலையும் வந்திட்டுது. இண்டைக்குத் தயங்காமல் பாவிக்கலாம்.

சொந்தமா வெப் கொம்பொனென்ட் எழுதுறவைக்கு ஒண்டு: உங்கட மெனுவுக்குள்ளை இன்னொரு கொம்பொனென்ட் இருந்தால், அதின்ர பார்ட் தானா வெளியிலை தெரியாது. எக்ஸ்போர்ட்பார்ட்ஸ் எண்ட அட்ரிபியூட்டிலை பேர் சொல்லி வெளியிலை விட வேணும். உங்களுக்குப் பிறகு அந்த மெனுவை எடுத்துப் பாவிக்கப்போற பிள்ளை ஒண்டு இருக்கும். அதை நினைச்சு விட்டுவிடுங்கோ.

பெப்ரவரி 2

நேற்று ஒண்டை விட்டிட்டன். நீங்கள் ஐட்டத்துக்குள்ளை எழுதிற எழுத்து, ஐகன், லேபல் எல்லாம் ஷாடோவிலை இல்லை. அது உங்கட சாமான். ஸ்லொட் (கொம்பொனென்ட் உங்கட சாமானுக்கு விட்ட இடம்) வழியா அங்கை தெரியுது, அவ்வளவுதான். அதுக்குப் பார்ட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், சாதாரண சி.எஸ்.எஸ் போதும். வகுப்பிலை பிள்ளையள் கூடத் தடுமாறுறது இதிலைதான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நிறம் பற்றித்தான் எல்லாரும் கேக்கிறியள். மெனுவிலை தமிழ் எழுத்து எப்பிடி நிக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அதை நான் எழுதாமல் விட்டால் சரியில்லை.

முதல் அகலம். அயன்-மெனுவின்ர இயல்பு அகலம் 304 பிக்சல். அது ஆங்கிலச் சொல்லுகளுக்கு அளந்த அளவு. எங்கட அப்பிலை ஐட்டங்கள் இப்பிடி: குளத்து நீர்மட்டம். வாய்க்கால் முறை. பசளை விநியோகம். காலபோக நெற்கொள்வனவு விபரங்கள். இதை முதல்லை அயோனிக் 5-இலை செய்யேக்கை லேபல் ஒரே வரியிலை நிண்டு, இடம் காணாட்டி மூண்டு புள்ளி போட்டு வெட்டும். 'காலபோக நெற்கொள்வ...' எண்டு நிண்டுது. அதுக்குக் கீழை 'காலபோக நெற்கொடுப்பனவு', அதுவும் 'காலபோக நெற்கொடு...'. வெட்டுப்பட்ட ரெண்டையும் பார்த்து எது காசு எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? தமிழிலை சொல்லின்ர கருத்து கடைசியிலைதான் இருக்கு. வேற்றுமை, வினை எல்லாம் வாலிலை. வாலை வெட்டினால் தமிழே போச்சு. அதாலை மெனுவிலை ஒருநாளும் வெட்டாதேங்கோ. வைட்-ஸ்பேஸ் நோர்மல் எண்டு நீங்களே எழுதி ரெண்டு வரிக்கு விடுங்கோ. --வித் எண்ட ப்ராப்பர்ட்டியாலை அந்த மெனுவை மட்டும் கொஞ்சம் அகலமாக்கலாம். 360 பிக்சல் போனிலை 320-க்கு மேலை போகாதேங்கோ, வெளியிலை தட்டி மூட இடம் வேணும்.

நீளமான ஒரே சொல்லுக்கு: ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் போட்டால் பிறவுசர் வேண்டின இடத்திலை உடைக்கும். 'பலநோக்குக்கூட்டுறவுச்சங்கம்' எண்டு ஒட்டி எழுதினால் அது எங்கையும் உடையும். நான் செய்யிறது சொல்லைப் பிரிச்சே எழுதுறது, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் எண்டு. பிரிக்கேலாத இடத்திலை, நான் உடைய விரும்பிற இடத்திலை டபிள்யூ-பி-ஆர் டாக்கை வைப்பன். அது ஹைஃபன் காட்டாது.

அடுத்தது உயரம். இதைப் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. 'நீர்' எண்டதிலை நகரத்துக்கு மேலை அந்தச் சுழி எழும்பி நிக்கும். 'கூட்டம்' எண்டதிலை கூவன்னாவின்ர வால் கீழை இறங்கும். லைன்-ஹைட் (ஒரு வரிக்கு விடுற உயரம்) 1.2-இலை ரெண்டு வரி வந்தால் மேல்வரியின்ர வாலும் கீழ்வரியின்ர சுழியும் முட்டும். ஓவர்ஃப்ளோ ஹிடன் இருந்தால் சுழியின்ர தலை சீவுப்பட்டுப் போகும். தலை சீவுப்பட்ட 'நீ' பழைய போனிலை 'நி' மாதிரித் தெரியும். நான் 1.5-க்குக் குறைய வைக்கிறதில்லை. லைன்-ஹைட் இறங்கி வாற ஒண்டு, ஆனால் கொம்பொனென்ட் தானே ஒண்டு வைச்சிருந்தால் (ஜனவரி 19-ஆம் திகதிக் குறிப்பு) வராது. அதாலை லேபலிலேயே எழுதுங்கோ.

பிறகு அந்த லெட்டர்-ஸ்பேசிங். மெட்டீரியல் எண்ட கூகிளின்ர வடிவமைப்புப் பாணியிலை அயன்-பட்டன் ஆங்கிலத்தைப் பெரிய எழுத்தாக்கி எழுத்துக்கு நடுவிலை இடைவெளியும் விடும், 0.06 எம் (எம் எண்டது எழுத்தளவு). பெரிய எழுத்து தமிழை ஒண்டும் செய்யாது. இடைவெளி செய்யும், சொல்லு அவிஞ்ச சோறு மாதிரி உதிரி உதிரியா நிக்கும். பட்டனிலை லெட்டர்-ஸ்பேசிங்கைப் பூச்சியமாக்குங்கோ.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூண்டிலையும் மெனு போடுறவைக்கு: மொழிக்கு மொழி அளவு மாத்த வேணுமெண்டால் லாங் செலக்டரைப் பாவியுங்கோ, முக்காற்புள்ளியோடை வாறது. லாங் அட்ரிபியூட்டைத் தேடினால் அட்ரிபியூட் எழுதியிருக்கிற எலிமென்டிலை மட்டும்தான் பிடிக்கும். லாங் செலக்டர் அதுக்குக் கீழை இருக்கிற எல்லாத்திலையும் பிடிக்கும், ஷாடோவுக்குள்ளையும் மொழி இறங்கும்.

எழுத்துரு ஃபைலை அப்போடை குடுக்கிறியள் எண்டால் ஃபொன்ட்-ஃபேஸ் வரியைக் குளோபல் ஃபைலிலை போடுங்கோ. ஷாடோவுக்குள்ளை போட்டால் பிடிக்காது.

பெப்ரவரி 10

நேற்றைய குறிப்புக்கு மூண்டு பேர் தங்கட மெனுப் படங்களை அனுப்பியிருக்கினம். மூண்டிலையும் சுழி வெட்டுப்பட்டிருக்கு. ஒருத்தர் ஒரு வருசமா அப்பிடியே ஓட்டுறாராம், தனக்குக் கண்ணிலையே படேல்லையாம்.

பெப்ரவரி 16

தெரிவு செய்த ஐட்டத்தை எப்பிடிக் காட்டுறது எண்ட கேள்விக்கு. ரவுட்டர்-லிங்க்-அக்டிவிலை (இப்ப திறந்திருக்கிற பக்கத்தின்ர ஐட்டத்துக்குக் கிளாஸ் ஒட்டுற ஆங்குலர் ஏற்பாடு) 'தெரிவு' எண்டு ஒரு கிளாஸ் குடுங்கோ. அந்தக் கிளாஸ் உள்ள ஐட்டத்துக்கு --கலர், --பேக்கிரவுண்ட் ரெண்டும் வையுங்கோ.

என்ன நிறம் எண்டது வேறை கதை. நான் முதல்லை வெள்ளை மெனுவிலை மெட்டீரியல் பட்டியலின்ர லைட் கிறீன் 500-ஐ எழுத்துக்கு வைச்சிருந்தன். அறைக்குள்ளை வடிவா இருந்தது. அதை இரணைமடுக் கட்டிலை கொண்டு போய், வெய்யில் குளத்துத் தண்ணியிலை பட்டுத் தெறிக்கிற நேரம் திறந்து பார்த்தன். எழுத்து இல்லை. வெள்ளைப் பலகைதான். கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கும் அந்தப் பச்சைக்கும் வேறுபாடு 2.1-க்கு 1. இணைய அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேக்கிறது 4.5. கிறீன் 900-க்கு மாத்தினன், 7.9 வந்தது. அடுத்த நாள் அதே கட்டிலை அதே நேரம், கையாலை மறைக்காமலே வாசிக்க முடிஞ்சுது.

நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். பச்சை சிவப்புப் பிரிச்சுப் பார்க்கேலாதவை எங்கட ஊரிலையும் இருக்கினம். நேட்டிவ் பார்ட்டிலை இடக்கரையோரம் 4 பிக்சல் பட்டை ஒண்டு வையுங்கோ. போர்டர் போட்டால் எழுத்து 4 பிக்சல் தள்ளி நிக்கும், உள்நிழலாப் போட்டால் தள்ளாது.

ஐட்டத்தின்ர உயரத்தை 48 பிக்சலுக்குக் கீழை குறைக்காதேங்கோ. மண்வெட்டி பிடிச்ச விரலுக்கு அதுவே காணாது. நான் --மின்-ஹைட்டை 56 ஆக்கியிருக்கிறன்.

பெப்ரவரி 17

கிளிநொச்சியிலை ஒருத்தருக்கு லப்டொப்பிலை மெனு ஐட்டங்கள் எல்லாம் மறைஞ்சு போகுதாம், போனிலை சரியாம். சி.எஸ்.எஸ்-ஐத் தேடி ரெண்டு நாள் போச்சுதாம். அது சி.எஸ்.எஸ் இல்லை. ஐட்டத்தைச் சுத்தி அயன்-மெனு-டொகிள் போட்டிருப்பியள். பெரிய ஸ்கிரீனிலை ஸ்ப்ளிட்-பேன் மெனுவை நிரந்தரமாத் திறந்து வைக்கேக்கை, மூட ஒண்டும் இல்லை எண்டு அந்த டொகிள் தன்னை மறைச்சுக்கொள்ளும், உள்ளுக்கை இருக்கிறதும் சேர்ந்து போகும். ஓட்டோ-ஹைட்டை ஃபோல்ஸ் ஆக்குங்கோ.

பெப்ரவரி 21

மூண்டு புள்ளி மெனு. அயன்-பொபோவரிலை (பக்கத்துக்கு மேலை மிதந்து திறக்கிற பெட்டி) செய்யிறது. பக்கத்துக்குள்ளை எழுதினாலும், திறக்கேக்கை அது அயன்-அப்பின்ர கடைசிக்குப் போய் நிக்கும். அதாலை 'இந்தப் பக்கத்துக்குள்ளை இருக்கிற பொபோவர்' எண்டு எழுதின விதி பிடிக்காது. சி.எஸ்.எஸ்-கிளாஸ் எண்ட ப்ராப்பர்ட்டியிலை ஒரு பேர் குடுத்து, விதியைக் குளோபல் ஃபைலிலை எழுதுங்கோ. ஜனவரி 18-ஆம் திகதிக் குறிப்பிலை சொன்னது மாதிரித்தான்: விதி ஒரு இடத்திலை, எலிமென்ட் வேறை இடத்திலை.

அயோனிக்கிலை மட்டும் இப்பிடி எண்டு நினைக்காதேங்கோ. வாடின் எண்ட இன்னொரு வெப் கொம்பொனென்ட் தொகுப்பிலை மெனு-பார் பாவிக்கிற ஒரு நண்பருக்கும் இதேதான். அங்கை 24-ஆம் பதிப்பிலை விரியிற பட்டியல் பொடி டாக்கின்ர கடைசிக்குப் போகும், மெனு-பாரிலை வைச்ச கிளாஸ் பின்னாலை போகாது. ஆனால் தீம் எண்ட அட்ரிபியூட்டைக் குடுத்தால் அது விரியிற பட்டியலுக்கும் சேர்ந்து போகும், அதை வைச்சு ஒரு மெனுவை மட்டும் பிடிக்கலாம். வாடின் எண்டால் ஃபின்லாந்துக்காரர் பெண் கலைமானைச் சொல்லுற சொல்லாம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கட காட்டிலை மரை நிக்குது, அந்தப் பேரிலை ஒண்டு நாங்களும் செய்யலாம் எண்டு வகுப்பிலை ஒரு பெடியன் சொன்னான். செய்தால் முதல் ஆளா நான் பாவிப்பன்.

பெப்ரவரி 27

"அயோனிக்கைப் படிக்கிறது பிரயோசனமோ, கொம்பனி மூடுதாமே" எண்டு ரெண்டு பேர். மூடேல்லை. காசுக்கு வித்த சேவைகளை நிப்பாட்டப்போகினம் எண்டு இந்த மாசம் அறிவிச்சவை. திறந்த மூலச் சட்டகம் தொடரும் எண்டும் சொல்லியிருக்கினம். நாளைக்கு அதுவும் நிண்டாலும், இந்த இழையிலை நாங்கள் கதைச்சதிலை முக்கால்வாசி அயோனிக்கின்ர சொத்தில்லை. ஷாடோ டொம், பார்ட், ஸ்லொட், கஸ்டம் ப்ராப்பர்ட்டி எல்லாம் பிறவுசரின்ர தரம். வேறை சட்டகத்துக்குப் போனாலும் கூடவே வரும்.

ஏன் இவ்வளவு நேரம் இதிலை செலவழிக்கிறன் எண்டும் ஒருத்தர் கேட்டவர். சில வருசத்துக்கு முன்னம் வெளியிலையிருந்து ஒரு நிறுவனம் வந்து எங்கட அமைப்புக்கு ஒரு அப் செய்து தந்தது. பேர் வேண்டாம். மெனு முழுக்க ஆங்கிலம். தமிழாக்கித் தாருங்கோ எண்டு கேட்டம். தமிழ் எழுத்து மெனுவிலை அடங்காது, வடிவமைப்பு உடைஞ்சிடும் எண்டு பதில் வந்தது. அண்டைக்கு எங்களிலை ஒருத்தருக்கும் மறுத்துக் கதைக்கத் தெரியேல்லை. ஆறு மாசத்திலை ஒருத்தரும் அந்த அப்பைத் திறக்கிறதில்லை. அடங்கும். ரெண்டு வரிக்கு விட்டு, லைன்-ஹைட்டை 1.5 ஆக்கி, அகலத்தை 16 பிக்சல் கூட்டினால் அடங்கும். அஞ்சு நிமிச வேலை. அதை அண்டைக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்க வேணும். இப்ப அறிவியல் நகரிலையும் வவுனியாவிலையும் பல்கலைக்கழகப் பிள்ளையள் இதை வாசிக்கினம். அடுத்த தரம் ஆராவது 'அடங்காது' எண்டு சொன்னால், லப்டொப்பைத் திறந்து அந்த இடத்திலேயே செய்து காட்டுங்கோ.

மார்ச் 2

முல்லைத்தீவுக்காரர் தன்ர மெனுப் படத்தை அனுப்பியிருக்கிறார். செயலாளர்ர மெனு கடும் நீலம், எழுத்து வெள்ளை, ரெண்டு மோட்டிலையும் சரி. நாலு மாறியும் மெனுவிலேயே வைச்சிருக்கிறார். 'படகுப் பதிவுப் புதுப்பிப்பு' ரெண்டு வரியிலை வடிவா நிக்குது, சுழியும் முழுசா இருக்கு.

ஒரே ஒரு குறை கண்டன். தட்டேக்கை ஐட்டத்திலை ஒரு கணம் ஒரு அலை ஓடும், கடும் நீலத்திலை அது தெரியேல்லை. ஐட்டத்துக்கு --ரிப்பிள்-கலர் எண்டு ஒண்டு இருக்கு. அதை வெள்ளை ஆக்கிப் பாருங்கோ.

ஸ்ப்ளிட்-பேனிலை வலது மெனுவை நிரந்தரமா வைக்கிறது பற்றியும் கேட்டிருக்கிறியள். எனக்கு அதைச் செய்து பார்க்க வேணும். நாளைக்கு மாமாவின்ர வயலுக்கு வெட்டு மெசின் வருது, நெல்லுக் காயப்போட ஆள் வேணும். வியாழக்கிழமை இருந்து பார்த்திட்டு எழுதுறன்.